இரண்டு வரி, ஐந்து கட்டை: முதல் மெட்டுப் போடுவது எப்படி

மெட்டுப் போடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கீபோர்டு வாங்கலாம்?" என்பதுதான். அடுத்து, "எத்தனை வருடம் பாட்டுக் கற்றிருக்க வேண்டும்?" என்பார்கள். இரண்டுக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றே. இன்று இரவு இரண்டு வரிக்கு ஒரு மெட்டுப் போட்டுவிட்டு, நாளை வந்து கேளுங்கள்.

நான் பள்ளி ஆண்டு விழாக்களுக்கும் நாடகங்களுக்கும் மெட்டுப் போட்டுக் கொடுப்பவன். மேதையல்ல. ஆனால் ஒன்றுமே தெரியாதவரை முதல் மெட்டு வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப்போகத் தெரியும். அதற்கு வேண்டியவை ஒரு கைப்பேசி, ஒரு நோட்டு, கீபோர்டு அல்லது கைப்பேசியிலேயே ஓடும் கீபோர்டு செயலி. குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. சுருதியோடு ஓரளவு ஒட்டினால் போதும்.

சொல்லில் தொடங்குங்கள்

வெறும் ராகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஏற்கெனவே கேட்ட பாட்டுத்தான் வாயில் வரும். புதியவர்கள் எல்லோருக்கும் இது நடக்கும். "நானே போட்ட மெட்டு" என்று மகிழ்ச்சியோடு பாடிக் காட்டுவார்கள். பக்கத்தில் இருப்பவர் அடுத்த வரியைப் பாடி முடித்துவிடுவார். இதிலிருந்து தப்ப எளிய வழி, யாரும் பாடியிராத சொற்களை எடுத்துக்கொள்வது. நீங்களே இரண்டு வரி எழுதுங்கள். கவிதையாக இருக்க வேண்டாம். கண்ணில் பட்டதை எழுதுங்கள். இந்தக் கட்டுரைக்காக நான் எழுதிய வரிகள் இவை:

மாடியிலே ஒரு காகம் நின்றது
மாமன் வருவதை முந்திச் சொன்னது

காகம் கரைந்தால் விருந்தாளி வருவார் என்பது நம் வீடுகளில் பழகிய பேச்சு. அதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

எழுதவே வராது என்பவர்கள் பாரதியாரின் பாடல்களை எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாண அரசு 1949இல் அவற்றின் உரிமையைப் பெற்று, பின்னர் அவை பொதுவுடைமையாயின. பிற கவிஞர்களின் வரிகளில் கவனம் தேவை. நம் நாட்டுச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். வீட்டில் பயிற்சிக்குப் பாடினால் யாரும் கேட்கப்போவதில்லை. மேடைக்கோ இணையத்துக்கோ போகும்போது அனுமதி வாங்க வேண்டும்.

பாடுவதற்கு முன் பேசுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். பிறகு எங்கே தவறு என்று தெரியாமல் தவிக்கிறார்கள். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

வரியைப் பத்துத் தடவை உரக்கச் சொல்லுங்கள். பாட வேண்டாம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நீளம் இருக்கிறது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. குறிலை அடுத்து ஒற்று வந்தால் அதையும் பாட்டுக் கணக்கில் இரண்டாக வைத்துக்கொள்ளலாம். "நின்" என்று சொல்லும்போது நாக்கு சற்று நிற்கிறது அல்லவா, அதுதான் அந்த இரண்டாவது மாத்திரை.

இந்தக் கணக்கில் முதல் வரியைப் பாருங்கள். மா இரண்டு, டி ஒன்று, யி ஒன்று. லே இரண்டு, ஒ ஒன்று, ரு ஒன்று. கா இரண்டு, கம் இரண்டு. நின் இரண்டு, ற ஒன்று, து ஒன்று. நான்கு நான்காக நான்கு கூறு, மொத்தம் 16. இரண்டாவது வரியும் அப்படியே: மாமன், வருவதை, முந்திச், சொன்னது. "வருவதை"யில் உள்ள "தை" சொல்லின் கடைசியில் வருவதால் குறுகி ஒரு மாத்திரையாகவே ஒலிக்கிறது. இலக்கணத்தில் ஐகாரக் குறுக்கம் என்று படித்துவிட்டு மறந்திருப்போம். மெட்டுப் போடும்போது அது திரும்பி வரும்.

இனி சொற்களை எடுத்துவிட்டுத் தத்தகாரமாகச் சொல்லுங்கள்:

தானன தானன தானா தந்தன
தானா தனதன தந்தா தந்தன

பாட்டின் எலும்புக்கூடு இதுதான். திரைப்படத்தில் மெட்டு முதலில் தயாராகிப் பாட்டு பின்னால் எழுதப்படும்போது, கவிஞர் கைக்கு வருவதும் இப்படி ஒரு தத்தகாரம்தான். நாம் எதிர்த்திசையில் போகிறோம்.

கையில் தாளம்

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அதோடு நான்கு முடிந்தது, இதற்கு லகு என்று பெயர். பிறகு தட்டு, வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. இந்த இரண்டும் துருதங்கள். நான்கு, இரண்டு, இரண்டு.

எண்ணிக்கை ஒன்றுக்கு இரண்டு மாத்திரை என்று வைத்து, தொடையில் தாளம் போட்டபடி வரியைச் சொல்லுங்கள். 16 மாத்திரையும் எட்டு எண்ணிக்கைக்குள் கச்சிதமாக அமரும். "மாடியிலே ஒரு" லகுவில் முடிகிறது. "காகம்" முதல் துருதத்தின் தட்டில் வந்து விழுகிறது. "நின்றது" இரண்டாவது துருதத்தில். முக்கியமான சொல் தட்டு விழும் இடத்தில் வந்திருக்கிறது. எழுதும்போது நான் இதைத் திட்டமிடவில்லை. நல்ல தமிழ் வரியில் இது பாதி நேரம் தானாகவே நடக்கும். நடக்காத மீதி நேரத்தில் சொல்லை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும்.

உங்கள் வரி 16 மாத்திரைக்குள் அடங்கவில்லையா? 14 வந்தால் கடைசியில் ஒரு எண்ணிக்கை மூச்சு விடுங்கள். 20 வந்தால் ஆதி தாளத்தில் திணிக்காதீர்கள். ஐந்து ஐந்தாகப் பிரிகிறதா என்று பாருங்கள். பிரிந்தால் அது கண்ட நடைக்கு உரிய வரி. மூன்று மூன்றாகத் துள்ளினால் திஸ்ரம், கும்மியும் காவடிச் சிந்தும் துள்ளுகிற நடை. சொல் எந்த நடையில் பிறந்ததோ அந்த நடையில் விட்டுவிடுவது நல்லது.

ஐந்து கறுப்புக் கட்டை

இப்போதுதான் கீபோர்டு. வெள்ளைக் கட்டைகளை மறந்துவிடுங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று இருக்கும் கூட்டத்தின் முதல் கட்டையை "ச" என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டுக்காரர்கள் குரலின் உயரத்துக்குச் சொல்லும் நாலரைக் கட்டை சுருதி இதுதான். அங்கிருந்து வலப்பக்கம் வரிசையாகக் கறுப்பை மட்டும் வாசித்தால் ச, ரி, க, ப, த, அதன்பின் மேல் ச. உங்கள் விரலுக்குக் கீழே இருப்பது மோகனம். 28ஆவது மேளமான (மேளம் என்பது ஏழு சுரமும் வரும் தாய் ராகம்) அரிகாம்போதியிலிருந்து ம, நி இரண்டையும் எடுத்துவிட்டால் கிடைக்கும் ராகம்.

ஐந்து சுரங்களில் எதை எதற்கு அடுத்து வாசித்தாலும் காதுக்கு உறுத்தாது என்பதால்தான் புதியவர்களுக்கு இதைக் கொடுக்கிறேன். உறுத்தாது என்பதாலேயே ஒரு ஆபத்தும் உண்டு. எல்லாமே அழகாக இருப்பதாகத் தோன்றும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

நாலரைக் கட்டை பெண் குரலுக்கு இயல்பாக வரும். ஆண்கள் பலருக்கு உயரம். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி ஐந்து இடம் குறைத்தால் அதே கட்டைகள் ஒன்றரைக் கட்டையில் ஒலிக்கும். விரலை மாற்ற வேண்டியதில்லை.

முதல் மெட்டு, அதன் பழுது

பெரும்பாலோர் முதலில் போடுவது படிக்கட்டு. "மாடியிலே ஒரு" என்று ச-விலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி, "காகம் நின்றது" என்று ஒவ்வொரு படியாக இறங்கிவிடுவார்கள். தவறென்று சொல்ல முடியாது. பாட்டு வகுப்பின் முதல் பயிற்சியான சரளி வரிசை பாடுவதுபோல் இருக்கும், அவ்வளவுதான். பாட்டுக்கும் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு, பாட்டு ஏதோ ஓர் இடத்துக்கு ஏங்கிப் போகும்.

ஆகவே வரியில் எந்தச் சொல் முக்கியம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எனக்குக் காகம். அதற்கு இந்த வரியின் உயர்ந்த சுரத்தைக் கொடுக்கிறேன். மற்றவை அதை நோக்கிப் போகட்டும், அல்லது அதிலிருந்து இறங்கட்டும். காற்புள்ளி வரும் இடத்தில் முந்தைய சுரம் இன்னொரு மாத்திரை நீள்கிறது என்று படியுங்கள்:

க , க ரி க , ப ப | த , ப , | ப , க ரி ||
மா - டி யி லே - ஒ ரு | கா - கம் - | நின் - ற து ||

ரி , க , ப ப த ப | க , ரி , | க , ரி ச ||
மா - மன் - வ ரு வ தை | முந் - திச் - | சொன் - ன து ||

வாசித்துப் பாருங்கள். முதல் வரி ச-வில் தொடங்கவில்லை, க-வில் தொடங்குகிறது. அதனால் ஏற்கெனவே ஏதோ நடந்துகொண்டிருக்கும்போது நாம் உள்ளே நுழைந்ததுபோல் இருக்கும். "காகம்" த-வைத் தொட்டு இறங்குகிறது. வரி ரி-யில் முடிகிறது, ரி-யில் நின்றால் காது "பிறகு?" என்று கேட்கும். இரண்டாவது வரி அதே ரி-யில் பிடித்துக்கொண்டு கிளம்பி, கடைசி எழுத்தில் ச-வுக்கு வந்து உட்காருகிறது. முதல் வரி ஊசலாட வேண்டும், இரண்டாவது வரி வீடு வந்து சேர வேண்டும். எளிய பாட்டுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு தந்திரத்தை வைத்தே ஓடுகின்றன. முதல் வரியையும் ச-வில் முடித்துப் பாருங்கள், பாட்டு அங்கேயே முடிந்துபோகும்.

இந்த வடிவம் முதல் முயற்சியில் வந்துவிடவில்லை. முதலில் நான் போட்டதில் "மாமன் வரு" வரைக்கும் பாடி, ப-வில் ஒரு கார்வை கொடுத்து, அதாவது அந்தச் சுரத்தை நீட்டி, நின்றேன். அழகாகத்தான் இருந்தது. பிள்ளைகளை வைத்துப் பாடிப் பார்த்தபோது ஒரு பையன் கையைத் தூக்கினான். "சார், மாமன் எதற்கு வதைக்கிறார்?" என்று கேட்டான். மாமன் வரு... வதை. அன்று மாலையே கார்வையை எடுத்துவிட்டேன். இப்போது "வருவதை" நான்கு எழுத்தும் நான்கு மாத்திரையில் ஒரே மூச்சில் ஓடிவிடுகிறது.

தமிழுக்கு மெட்டுப் போடுபவர் விழும் பள்ளங்கள் இரண்டுதான். ஒன்று இப்படிச் சொல்லை உடைப்பது. மற்றொன்று குறிலை நீட்டுவது. "படம்" என்பதில் முதல் எழுத்தை இழுத்தால் பாடமாகிவிடும், "மனம்" மானமாகிவிடும், "கலை" காலையாகிவிடும். குறிலை நீட்டியே ஆக வேண்டுமென்றால், அந்த எழுத்தில் நிற்காமல் சொல்லை முடித்துவிட்டுக் கடைசி எழுத்தில் நீட்டுங்கள். நெடிலும் மெல்லின ஒற்றும் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும். வல்லின ஒற்றில் இழுக்க இடமே இல்லை, மூச்சு அங்கே அடைபட்டுவிடும்.

போட்டதைக் கலைத்துப் போடுங்கள்

முதல் மெட்டு கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம். எல்லாமே அழகாகத் தோன்றும் ஆபத்தைச் சொன்னேனே, அதற்கு மருந்து ஒப்பிடுவதுதான். அதே வரிக்கு ஐந்து மெட்டுப் போட்டால்தான் எது நன்றாக இருக்கிறது என்று தெரியும். எப்படிக் கலைப்பது?

முதலில் சங்கதி, அதாவது ஒரே வரியைச் சற்று மாற்றிப் பாடுவது. வரியின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு "நின்றது" என்ற இடத்தை மட்டும் மாற்றுங்கள். ப , க ரி என்பதை த , ப க என்று ஆக்கினால் வரி இன்னும் உயரத்தில் தொங்கும். ஒரே வரியை இரண்டு முறை பாடும்போது இரண்டாவது முறைக்கு இதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து எடுப்பு. முதல் தட்டில் வாயைத் திறக்காமல் இருந்து, இரண்டாவது எண்ணிக்கையில் பாட்டை எடுங்கள். இதற்கு அனாகத எடுப்பு என்று பெயர். இப்போது "காகம்" துருதத்தின் தட்டில் விழாமல் வீச்சில் விழுகிறது. சுரம் ஒன்றுகூட மாறவில்லை, ஆனால் காகம் தத்தித் தத்தி நடக்கத் தொடங்கிவிடும்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. மெட்டில் வரும் சுரங்களைப் பெயராகப் பார்க்காமல் எண்ணாக எழுதுங்கள்: ச ஒன்று, ரி இரண்டு, க மூன்று, ப நான்கு, த ஐந்து. இப்போது "ச"-வை வேறொரு கறுப்புக் கட்டைக்கு மாற்றி, அதே எண்களை வாசியுங்கள். மூன்று கட்டைக் கூட்டத்தின் நடுக் கட்டையை ச ஆக்கினால் மத்தியமாவதி, கடைசிக் கட்டையை ஆக்கினால் இந்தோளம். இரண்டு கட்டைக் கூட்டத்தின் முதல் கட்டை சுத்த சாவேரி, இரண்டாவது சுத்த தன்யாசி. கிரக பேதம் என்று இசை நூல்கள் பேசுவது இதைத்தான். ஒரே ஐந்து கட்டை, ஐந்து ராகம். இடது கையால் புதிய ச-வைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருங்கள். இல்லாவிட்டால் காது மோகனத்துக்கே திரும்பிவிடும்.

நம் காகத்தை இந்தோளத்தில் நிறுத்திப் பாருங்கள். மாமன் வரவே போவதில்லை என்று தோன்றும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். கட்டையில் கிடைப்பது ராகத்தின் சுரங்கள் மட்டுமே. சுரம் அசையும் விதம், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் விதம், ராகத்துக்கே உரிய பிடிகள் எல்லாம் குரலிலும் வயலினிலும் நாகசுரத்திலும் இருக்கின்றன. ஆகவே கட்டையில் கண்டுபிடித்த மெட்டைக் கீபோர்டை மூடிவிட்டு வாயால் பாடுங்கள். வாய் தானாகவே சில இடங்களை வளைக்கும். அந்த வளைவுகளை விட்டுவிடாதீர்கள்.

பதிவு, தூக்கம், இன்னொருவர் குரல்

மெட்டு வந்தவுடன் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். "நினைவில் இருக்கும்" என்று நம்பி நான் இழந்தவை ஏராளம். பதிவின் தொடக்கத்தில் எந்தக் கட்டை சுருதி, என்ன தாளம், எங்கே எடுப்பு என்று வாயால் சொல்லிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது அதுதான் உதவும். நோட்டில் மேலே காட்டியபடி சுரமும் சொல்லும் எழுதி வையுங்கள்.

மறுநாள் காலையில் பதிவைக் கேட்காமல் பாடிப் பாருங்கள். எந்த இடம் நினைவுக்கு வரவில்லையோ அந்த இடம் பலவீனமாக இருக்கிறது. அதன்பின் வேறு ஒருவருக்குக் கற்றுக் கொடுங்கள். அவர் ஒரே இடத்தில் மூன்று முறை தவறினால் அவரைக் குறை சொல்லாதீர்கள், மெட்டைத் திருத்துங்கள். குழந்தைகள் பாடும் பாட்டு என்றால் ஒரு ஸ்தாயிக்குள், அதாவது கீழ் ச முதல் மேல் ச வரைக்குள், வைத்துக்கொள்வது நல்லது. நம் மெட்டு கீழே ச, மேலே த, யாரும் பாடலாம்.

பல்லவிக்குப் பிறகு

இரண்டு வரி பல்லவியாகிவிட்டது. அனுபல்லவி என்று ஒன்று வைத்தால் வழக்கமாக அது ப-விலிருந்து கிளம்பி மேல் ச-வை எட்டிப் பிடிக்கும். பல்லவியில் மேல் ச-வைத் தொடாமல் வைத்திருந்ததன் பயன் அப்போது தெரியும். சரணத்தில் வரிகள் கூடும், கதை நகரும்; ஒவ்வொன்றின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும் என்பதால், சரணத்தின் கடைசிச் சுரத்தைப் பல்லவியின் முதல் சுரத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள்.

பின்னணிக்கு இடது கையில் ச, க, ப மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மெட்டு த-வைத் தொடும் இடத்தில் மட்டும் த, ச, க. இரண்டும் கறுப்புக் கட்டைகள்தான். முதல் பாட்டுக்கு இந்த இரண்டு கூட்டுச் சுரங்கள் போதும்.

காதைப் பழக்க வாரத்துக்கு ஒரு பாட்டை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். நன்றாகத் தெரிந்த பாட்டாக இருக்கட்டும். எந்த எண்ணிக்கையில் எடுப்பு, ஒவ்வொரு வரியும் எந்தச் சுரத்தில் முடிகிறது, உச்சிச் சுரம் எந்தச் சொல்லில் விழுகிறது என்று மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பாட்டு முடிந்ததும் உங்கள் நோட்டே ஒரு பாடப்புத்தகமாக இருக்கும்.

ஆசிரியர் வேண்டுமா என்றால், வேண்டும். முதல் ஐந்தாறு மெட்டுகளுக்குப் பிறகு. அப்போது என்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பாட்டு வகுப்பில் 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையில் சரளி வரிசையிலிருந்துதான் தொடங்குவார்கள். புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் வழி அது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜண்டை வரிசை குரலுக்கு அழுத்தம் கொடுக்கும், அலங்காரம் ஏழு தாளங்களையும் கையில் ஏற்றும். தமிழ்நாட்டில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம், நாகசுரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பாகக் கற்பிக்கிறார்கள். சென்னை, மதுரை, திருவையாறு, கோவை ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகளும் இருக்கின்றன. மெட்டுப் போடுவதற்கென்று மட்டும் போகிறவர்களுக்கு நான் சொல்வது, தேவார வகுப்பில் ஓர் ஓரமாக உட்கார இடம் கேளுங்கள் என்பதுதான். சொல் சிதையாமல் நீட்டுவது எப்படி என்று ஓதுவார்களிடம் கேட்டுக் கற்க வேண்டும்.

காகம் சொன்ன மாமன் இன்னும் வந்து சேரவில்லை. அனுபல்லவிக்கான இரண்டு வரியை நீங்கள் எழுதுங்கள், வரிக்கு 16 மாத்திரை. கையில் பலகாரப் பையோடு அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்போது மெட்டு மேல் ச-வில் இருக்கட்டும்.